மிதிவண்டியும் ஜொகூர்ச் சாலைகளும்

சாலைகளின் வரலாற்றை எழுதுவோர், அவை எவர் ஆட்சியில் போடப்பட்டன, எங்குத் தொடங்கி எங்கு முடிந்தன, எத்தனை மைல் நீண்டன என்பனவற்றையே பெரும்பாலும் எழுதுவர். சாலையின் மேற்பரப்பு எவ்வாறு இருந்தது என்பதை எழுதினோர் மிகச் சிலரே. மெத்தை விரித்த இருக்கையில் அமர்ந்து காரில் செல்வோருக்கு அது பெரிய செய்தியன்று. இரண்டு விரல் அகலமே உள்ள டயரின்மீது தன் உடலை நிறுத்திச் செல்லும் மிதிவண்டிக்காரனுக்கோ அதுவே முதற்செய்தி. குழியும் வெடிப்பும் சரளையும் அவன் முழங்காலையும் மண்டையையும் நேரே தொடுகின்றன. மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடி மாநிலமாகிய ஜொகூரின் கதையை இம்மேற்பரப்பின் வழியே பார்க்கத் தொடங்கினால், அங்கு வாழ வந்த தமிழரின் கதையும் தானே உடன் வந்துவிடுகிறது.

ஜொகூரின் பழைய சாலைகள் ஆறுகளே. 1855இல் தஞ்சோங் புத்ரி என்னும் பெயரில் உருவாகிப் பின்னர் ஜொகூர் பாரு எனப் பெயர் மாறிய ஊரிலிருந்து உள்நாட்டுக்குப் போக விரும்பியோர் படகில்தான் ஏறினர். கம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனர் ஆற்றங்கரைகளிலேயே குடியமர்ந்தனர். தரைவழியே முன்னேற அபுபக்கார் மன்னர் செய்த முதற் பெருமுயற்சி விந்தையானது. 1869இல் ஜொகூர் பாருவிலிருந்து கூனோங் பூலாய் மலையை நோக்கி அவர் தொடங்கிய இருப்புப்பாதை, உண்மையில் இருப்புப்பாதையே அன்று, தண்டவாளங்கள் மரத்தாலானவை. காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை, கரையானுக்கும் பஞ்சமில்லை. சில மைல் தொலைவு சென்ற அத்திட்டம் கரையானுக்கு இரையாகிக் கைவிடப்பட்டது. வெப்பமண்டலத்தில் பாதை போடுவோன் மழைக்கும் மண்ணுக்கும் அம்மண்ணில் வாழும் உயிர்களுக்கும் விடை சொல்லியாக வேண்டும் என்னும் பாடத்தை ஜொகூர் அவ்வாறு கற்றது.

ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து, ஜொகூருக்குச் சற்றும் தொடர்பில்லாத அயர்லாந்து நாட்டுப் பெல்பாஸ்ட் நகரில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவரின் மகன், கல் பாவிய தெருவில் தன் மூன்று சக்கர வண்டியை ஓட்டும்போது உடல் குலுங்குகிறது என்று குறைப்பட்டான். தந்தை ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவருக்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே தாம்சன் என்பார் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமை பின்னர்த் தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமற் போயிற்று. ஆயினும் உலகம் காற்றடைத்த டயரை ஏற்றுக்கொண்டது டன்லப்புக்குப் பிறகுதான். கரடுமுரடான தெருவுக்கு ஒரு தந்தை கண்ட மாற்று அது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். மரத்துக்குக் கேடு வராமல் பால் வெட்டும் முறையை ஆராய்ந்து கண்டு, ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை விடாது வற்புறுத்தியவர் அவர். தொடக்கத்தில் அவர் சொல்லை மதித்தோர் சிலரே. மிதிவண்டியும் அதன்பின் மோட்டார் காரும் டயர் கேட்கத் தொடங்கியதும் நிலை மாறிற்று. மலாயாவின் காடுகள் பால்மரக் காடுகளாயின. ஜொகூரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்குத் தன்னை ஒப்புவித்தது. கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை 1909இல் முடிந்தபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று அப்பாதையை ஒட்டியே தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆணும் பெண்ணும் வந்து சேர்ந்தனர். பெல்பாஸ்ட் சிறுவனின் குலுக்கலுக்கும் சேலத்துக் குடியானவனின் கடற்பயணத்துக்கும் இடையே இத்தகைய நூலிழை உண்டு என்று சொன்னால் மாணவர்கள் நம்பத் தயங்குவர். ஆயினும் அது உண்மையே.

மிதிவண்டி தனக்கு வேண்டிய ரப்பரைத் தேடியதோடு நிற்கவில்லை; நல்ல சாலையையும் கேட்டது. இங்கிலாந்தில் 1886இல் சாலை மேம்பாட்டுச் சங்கத்தை நிறுவியோர் மிதிவண்டிச் சங்கத்தாரே. அமெரிக்காவிலும் நல்ல சாலை வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர்களுள் மிதிவண்டிக்காரர்கள் முன்னின்றனர். அப்போது மோட்டார் கார் பெயரளவில்கூட ஊருக்குள் வந்திருக்கவில்லை. மிதிவண்டிக்காரன் கேட்டுப் பெற்ற சமதளத்தின்மீது கார் பின்னால் வந்து ஏறிக்கொண்டது என்பதே வரலாறு. இன்று மிதிவண்டியைப் பார்த்துச் சாலையை விட்டு விலகு என்று ஒலிப்பான் அடிப்போர் இதை அறிந்திருக்க வழியில்லை.

மலாயாவில் அச்சாலைகளைப் போட்ட கைகள் யாருடையவை? இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் கூலி வேலை செய்தோரில் பெரும்பகுதியினர் தமிழர். மலையை வெட்டி மண் நிரவி, கல்லை உடைத்துச் சல்லியாக்கி, அதைப் பரப்பி உருளையால் அழுத்தி, பிற்காலத்தில் கொதிக்கும் தாரை ஊற்றியவர்கள் அவர்கள். சாலையின் நீளத்தை அவர்கள் அளந்த சொல்லே இன்றும் பேச்சில் நிற்கிறது. மைற்கல்லைக் 'கட்டை' என்றனர். எட்டாங் கட்டை, பத்தாங் கட்டை என்று ஊருக்கே அது பெயராயிற்று. சாலையின் தரம் கூலியிலும் நுழைந்தது. 1920களின் இறுதியில் மலாயாவில் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றும், சென்றடைய அரிதான பகுதிகளில் 58 காசு, 46 காசு என்றும் வரையறுக்கப்பட்டது. நல்ல சாலை இல்லாத இடத்தில் அரிசியும் பருப்பும் விலை கூடும் என்பதால் வந்த வேறுபாடு அது. பொருளாதார வீழ்ச்சி வந்ததும் அக்கூலியும் குறைக்கப்பட்டது என்பது வேறு கதை.

தோட்டத்துக்குள் மிதிவண்டி முதலில் கிராணிக்கும் கங்காணிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் உரிய பெருமைப் பொருளாக இருந்தது. துரைக்குக் கார், கிராணிக்குச் சைக்கிள், மற்றவர்க்குக் கால். காலம் செல்லச் செல்லப் பால் வெட்டுவோரும் பணம் சேர்த்து ஒன்றை வாங்கினர். இங்கிலாந்தின் ராலே வண்டி வைத்திருந்தவர் லயத்தில் தனி மதிப்புப் பெற்றார். அதிகாலையில் பெரட்டுக்குப் போவதற்கும், வெட்டிய பாலை வாளியோடு கொட்டகைக்குக் கொண்டு வருவதற்கும், பட்டணத்துக்குப் போய் மளிகை வாங்குவதற்கும், நோயுற்ற பிள்ளையைப் பின்னிருக்கையில் அமர்த்தி மருத்துவமனைக்கு விரைவதற்கும் அந்த ஒரே வண்டி. ஒரு வண்டியில் தந்தையும் தாயும் இரு குழந்தைகளும் செல்வது அரிய காட்சியன்று.

அவ்வண்டிகள் ஓடிய பரப்போ செம்மண். செம்மண் சாலையைப் பற்றி அறியாதோர் அதனை ஒரே தன்மையுடையதாக எண்ணுவர். உண்மையில் அது நாளுக்கு நாள் மாறும். வெயிற்காலத்தில் இறுகிக் கல்லாகி, மேலே சரளை உதிர்ந்து கிடக்கும். அச்சரளையில் முன்சக்கரம் பக்கவாட்டில் நழுவினால் மீட்பது கடினம். லாரிகள் ஓடி ஓடித் துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாக மேடுகள் எழும். அவற்றின்மேல் செல்லும்போது வாளியில் உள்ள பால் தளும்பிச் சிந்தும். மழை பெய்தாலோ மேற்பகுதி குழம்பாகி வழுக்கும். லாரிச் சக்கரம் பதிந்த இரண்டு தடங்கள் வாய்க்காலாகிவிடும். அவ்விரண்டுக்கும் நடுவே எஞ்சிய முதுகின்மீதுதான் மிதிவண்டி போயாக வேண்டும். ஒரு சாண் அகலமுள்ள அந்த முதுகின்மேல் இருட்டில், ஒரு கையில் விளக்குடன் வண்டி ஓட்டியவர்கள் இருந்தனர். இதனை வீரம் என்று எவரும் அன்று சொன்னதில்லை. வேலைக்குப் போதல் என்றே சொல்லினர்.

மிதிவண்டிக்கும் சாலைப் பரப்புக்கும் உள்ள உறவை உலகமே காணும்படி 1942 காட்டிற்று. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையேறிய ஜப்பானியப் படை 55 நாட்களில் தீபகற்பத்தைக் கடந்து, 1942 ஜனவரி 31இல் ஜொகூர் பாருவை அடைந்தது. அப்படையின் திட்டமிடலில் முதன்மையானவரான சுஜி மசனோபு என்னும் அதிகாரி பின்னாளில் எழுதிய நூலில், டிவிஷன் ஒன்றுக்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்கிறார். அவர் கைகள் இரத்தக்கறை படிந்தவை. அவர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றல் தகாது. ஆயினும் சாலையைப் பற்றி அவர் கூறுவன நம்பத்தக்கனவாகவே உள்ளன. ஆங்கிலேயர் செலவிட்டுப் போட்ட நல்ல தார்ச்சாலைகளே ஜப்பானியருக்கு உதவின. வெயிலின் சூட்டில் டயர்கள் வெடித்தன. வெடித்ததும் வீரர்கள் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின்மேலேயே ஓட்டினர். கெட்டியான தார்ப்பரப்பில் இரவில் அவ்வளையங்கள் எழுப்பிய ஓசை, டாங்கிகள் வருகின்றனவோ என்று எதிர்ப்படையினரை மயங்கச் செய்ததாம். இதே மிதிவண்டிப் படையைத்தான் ஜொகூர் எல்லையை அடுத்துக் கெமாசுக்கு அருகிலுள்ள கெமென்சே பாலத்தில் ஜனவரி 14ஆம் நாள் ஆஸ்திரேலியர் மறைந்திருந்து தாக்கினர். பாலம் வெடித்துச் சிதறியது. வண்டிகளோடு வீரர்களும் மடிந்தனர். தமிழ்க் கூலி உடைத்த சல்லிக்கல்லின்மீது நடந்த போர் அது. அக்கூலிக்கு அப்போரில் எந்தப் பங்கும் இல்லை. துன்பத்தில் மட்டும் பெரும்பங்கு வந்து சேர்ந்தது.

போருக்குப் பின்னர், குறிப்பாக விடுதலைக்குப் பின்னர், செம்மண் மெல்ல மெல்லத் தாருக்கு இடங்கொடுத்தது. தார் வந்ததும் மிதிவண்டிக்காரனின் துன்பம் நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை, இடம் மாறியது. எவ்வாறென்பது சாலையின் அமைப்பை அறிந்தால் விளங்கும்.

தார்ச்சாலையின் குறுக்குவெட்டு ஆமை முதுகு போன்றது. மழைநீர் தேங்காமல் இரு பக்கமும் ஓட வேண்டும் என்பதற்காக நடுவை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்துகின்றனர். எனவே நீரும், நீர் அடித்துவரும் மணலும், உடைந்த கண்ணாடியும், லாரியிலிருந்து உதிர்ந்த கல்லும் ஓரத்திலேயே வந்து ஒதுங்குகின்றன. ஓரத்துக்கு வெளியே தாங்கி நிற்கக் கெட்டியான நிலம் இல்லாதபோது, பாரவண்டியின் சக்கரம் ஏறும்போதெல்லாம் தாரின் விளிம்பு ஒடிகிறது. ஒடிந்த வெடிப்பு வழியே நீர் அடித்தளத்துக்குள் இறங்குகிறது. அடியிலுள்ள மண் ஊறி இளகுகிறது. மேலே சக்கரம் அழுத்தும்போது அந்நீர் சேற்றோடு மேலே பீறிடுகிறது. அடியில் பொந்து விழுகிறது. பின்னர் ஒருநாள் மேல்தோல் உள்ளே அமிழ்ந்து குழியாகிறது. வடகிழக்குப் பருவமழையில் நனையும் ஜொகூரில் இச்செயல் ஓயாமல் நடப்பது. 2006 டிசம்பரிலும் அதனை அடுத்த 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களை மூழ்கடித்த பெருவெள்ளமும், 2023 மார்ச்சில் வந்த வெள்ளமும் போன்றவை வந்து போனபின் சாலைகள் எத்தகைய நிலையில் எஞ்சும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நீர் நிறைந்த குழி, ஆழம் தெரியாத குழி.

இனி, மிதிவண்டிக்காரனுக்கு அளிக்கப்பட்ட இடம் எது? இடப்பக்க ஓரம். சாலை தன் நீரையும் குப்பையையும் எங்கு ஒதுக்குகிறதோ அங்கேயே மிதிவண்டியையும் ஒதுக்குகிறது. காரின் நான்கு சக்கரங்களில் ஒன்று குழியில் விழுந்தால் மற்ற மூன்று தாங்கும். மிதிவண்டியின் முன்சக்கரம் விழுந்தால் ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாக முன்னே எறியப்படுகிறார். பின்னால் வருவது லாரியாயின் அதன்பின் சொல்ல ஒன்றும் இல்லை. குழியைத் தவிர்க்க வலப்பக்கம் விலகினாலும் அதே லாரி. ஆதலின் குழியால் நேர்ந்த மரணம் பல வேளைகளில் மோதலால் நேர்ந்த மரணம் என்றே எண்ணப்படும். கால்வாயை மூடும் கம்பிச்சட்டத்தின் கம்பிகள் போக்குவரத்தின் திசையிலேயே நீளவாட்டில் அமைந்திருந்தால் மெல்லிய டயர் அவற்றின் இடைவெளியில் சிக்குகிறது. அச்சட்டத்தைத் திருப்பிக் குறுக்காக வைத்தால் போதும், வேறு செலவில்லை. குழாய் பதிக்கவும் கம்பி புதைக்கவும் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்களும் பெரும்பாலும் ஓரத்திலேயே உள்ளன. சிறுவர் வண்டியின் சக்கரம் சிறியது. பெரிய சக்கரம் தாண்டிப் போகும் பள்ளத்தில் சிறிய சக்கரம் உள்ளே இறங்கிவிடும். ஆகவே மிகவும் தீங்குக்கு ஆளாவோர் மிகச் சிறியோரே.

குழி யாருடையது என்பதும் எளிய வினாவன்று. கூட்டரசுச் சாலை ஒரு துறைக்கு, மாநிலச் சாலை மற்றொன்றுக்கு, நகர்ச் சாலை மன்றத்துக்கு, புதிய குடியிருப்பின் சாலை ஒப்படைக்கப்படும் வரை கட்டியவருக்கு, தோண்டிய பள்ளம் தோண்டியவருக்கு. இன்று ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் என மூன்று மாநகர் மன்றங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒரே பயணத்தில் மிதிவண்டிக்காரன் பல உரிமையாளரின் பரப்பைக் கடக்கிறான். விழுந்தவன் எழுந்து, இது யார் குழி என்று ஆராய்ந்து அறிந்தபின் முறையிட வேண்டும். இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் இதில் ஒரு வியப்பான வேறுபாட்டை வைத்திருந்தது. சாலையைத் தவறாகச் செப்பனிட்டால் பொறுப்பு உண்டு. செப்பனிடாமலே விட்டுவிட்டால் பொறுப்பு இல்லை! ஒன்றும் செய்யாதவனுக்கே பாதுகாப்பு. அந்நாடு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்விதியை நீக்கிக்கொண்டது. இந்தியாவில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2015இல் நல்ல சாலை என்பது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றே கூறிற்று. அங்கே 2013 முதல் 2017 வரை சாலைக் குழிகளால் இறந்தோர் 14,926 பேர் என்னும் கணக்கைக் கண்டு உச்ச நீதிமன்றமும் வெகுண்டது. பெருநாட்டின் பெருங்கணக்கு அது. ஆயினும் குழியால் இறந்தோர் என்று ஒரு தனிக் கணக்கு எழுதப்பட்டதே அங்குக் குறிக்கத்தக்கது.

1994இல் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. மிதிவண்டிக்கு அதில் இடமில்லை, அது முறையே. ஆனால் நாட்டின் மிகச் சிறந்த பரப்பு காருக்குரியதாகவும், பழைய பரப்பு மற்றவர்க்குரியதாகவும் பிரிந்தது அதனால் உறுதிப்பட்டது. பால்மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. செம்பனையும் விழுந்து தாமான்கள் எழுந்தன. லயங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் மாசாய், உலு திராம், ஸ்கூடாய் போன்ற இடங்களில் குடியேறின. மிதிவண்டி இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. மிதிவண்டி சிறுவருக்கும் ஏழைக்கும் உரியதாகச் சுருங்கிற்று. சுருங்கியதும் அதன் குரலும் சுருங்கிற்று.

அக்குரல் கேட்கப்பட்ட ஒரு தருணம் மிகக் கொடியது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள், விடியற்காலை மூன்று மணிக்குப் பின், ஜொகூர் பாருவின் உட்சுற்றுச் சாலையாகிய ஜாலான் லிங்காரான் டாலாமில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் கூடியிருந்த சிறுவர் கூட்டத்தின்மீது கார் மோதி எட்டுச் சிறுவர் இறந்தனர். வேறு சிலர் காயமுற்றனர். பாசிக்கல் லாஜாக் எனப்படும் அவ்வண்டிகள் தாழ்வானவை. உடலைக் கிடையாக நீட்டிப் பாய்வதற்கென்றே மாற்றப்பட்டவை. பல பிரேக் இல்லாதவை. காரை ஓட்டிய இளம்பெண் 2019இலும் 2021இலும் விடுவிக்கப்பட்டு, 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தால் ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் முற்றிலும் விடுவிக்கப்பட்டார். ஆறாண்டுகள் நாடு முழுவதும் இரண்டாகப் பிரிந்து நின்று வாதிட்டது. பெற்றோரைப் பழித்தோர் ஒரு பக்கம், ஓட்டுநரைப் பழித்தோர் மறுபக்கம்.

இங்கே குழி இல்லை. சாலை இருண்டது, மேடும் வளைவும் உடையது என்பது வழக்கில் பேசப்பட்டது. கெட்டுப்போனது என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் மேற்பரப்பின் வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்கும் இடமுண்டு. நகரின் வழவழப்பான, சரிவான பரப்பு காருக்கென அமைத்த சுற்றுச்சாலையில் கிடக்கிறது. சிறு சக்கரம் வேகமாக உருள அத்தகைய பரப்புத்தான் வேண்டும். வேகத்தை விரும்பும் சிறுவர், கார்கள் உறங்கும் நேரம் பார்த்து அதனைத் தேடிச் சென்றனர். அவர்கள் சென்றது தவறே. அவர்கள் தேடிய பரப்பு அவர்களுடைய குடியிருப்பின் அருகே, ஒரு திடலில், பகல் வெளிச்சத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று கேட்பது அத்தவற்றை மறைப்பதாகாது. நெதர்லாந்தில் 1971இல் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தபோது பெற்றோர் தெருவில் இறங்கினர். குழந்தைக் கொலையை நிறுத்து என்பதே அவ்வியக்கத்தின் பெயர். இன்று அந்நாட்டின் மிதிவண்டிப் பாதைகளைக் காணச் செல்வோர், அவற்றை அந்நாட்டார் தொன்றுதொட்டே பெற்றிருந்தனர் என்று எண்ணித் திரும்புகின்றனர்.

மலேசியாவிலும் மிதிவண்டிப் பாதைகள் வரத் தொடங்கியுள்ளன. கோலாலம்பூரில் 2015இல் மிட்வேலியிலிருந்து மெர்டேக்கா சதுக்கம் வரை ஐந்தரை கிலோமீட்டர்ப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் உலக நகர்ப்புற மாநாடு அங்கு நடந்தபோது நகர்ச் சாலைகளின் ஓரத்தில் நீல வண்ணம் பூசப்பட்டுப் பாதைகள் குறிக்கப்பட்டன. வண்ணம் புதிது, பரப்புப் பழையது. நீர் ஒதுங்கும் அதே ஓரம், அதே கால்வாய் மூடி, அதே வெடிப்பு. ஈரத்தில் வண்ணம் வழுக்கும் என்ற குறையும், கார்களை அதன்மேல் நிறுத்துகின்றனர் என்ற குறையும் உடனே எழுந்தன. 2020 டிசம்பர் இறுதியில் அன்றைய அமைச்சர் கைரி ஜமாலுடின் சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தில் மிதிவண்டி ஓட்டியபோது குழியில் விழுந்து காயமுற்றார். பொதுப்பணி அமைச்சர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். முகத்தில் காயத்துடன் தோன்றிய அமைச்சரின் படத்தைப் பார்த்தபின் நாடு சிலநாள் குழிகளைப் பற்றிப் பேசிற்று.

ஜொகூரில் இன்று மிதிவண்டியை நம்பி வாழ்வோரில் பலர் வேறு நாட்டார். பாசிர் கூடாங்கிலும் தெப்ராவிலும் செனாயிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்த வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் விடுதிக்கும் ஆலைக்கும் இடையே பழைய வண்டிகளில் செல்கின்றனர். முன்னிருட்டில், பின்விளக்கு இல்லாமல், கைப்பிடியில் சோற்றுப்பாத்திரம் தொங்க, கொள்கலன் லாரிகளுக்கும் கால்வாய்க்கும் இடையே எஞ்சிய அந்த ஒரு சாண் அகலத்தின்மேல் அவர்கள் செல்கின்றனர். அவர்களுள் எவரும் மன்றக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை; வாக்குச்சீட்டும் அவர்களிடம் இல்லை. அவர்கள் காலடியில் உருளும் சாலைகள் பல, நூறாண்டுக்கு முன்னர் பால்வாளிகள் வந்த தோட்டத்துச் செம்மண் தடங்களின் மேலேயே போடப்பட்டவை.